பாராமகால்: மூன்று முறை விலை பேசப்பட்ட நிலம்

ஓசூரில் பேருந்து ஏறி கிருஷ்ணகிரிக்கு வருகிறவர்கள் சூளகிரியைத் தாண்டியதும் ஒன்றைக் கவனிக்கலாம். மேலுமலை அருகே சாலை வளைந்து வளைந்து கீழே இறங்கும். ஓசூரில் இருந்த குளிர் காணாமல் போய், வெயில் உறைக்க ஆரம்பிக்கும். லாரிகள் எல்லாம் கியரை மாற்றி முக்கிக்கொண்டே போகும். சிப்காட்டுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற ஓட்டுநருக்கு இது வெறும் ஒரு மலைப்பாதை, அவ்வளவுதான். ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் இந்த இறக்கம் யார் கையில் இருக்கிறது என்பதற்காக மைசூர், மராட்டியர், ஹைதராபாத் நிஜாம், ஆற்காட்டு நவாப் என்று நான்கு அரசுகள் அடித்துக்கொண்டன. ஐந்தாவதாக ஒரு வியாபாரக் கம்பெனி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் நிலம் யாருக்குப் போனது என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படிப் போனது என்பதுதான் சுவாரஸ்யம்.

முதலில் கொஞ்சம் பூகோளம். மலைக்கு மேலே உள்ள நாட்டைப் பாலாகாட் என்றும் கீழே உள்ளதைப் பாயன்காட் என்றும் அந்தக் காலத்தில் சொல்வார்கள். ஓசூர் மேல் படி. ஆற்காடும் சென்னையும் கீழ் படி. நடுப்படியாக, சுற்றிலும் குன்றுகளோடு இருப்பது கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், ஜகதேவி, தர்மபுரி, திருப்பத்தூர் வட்டாரம். இதற்குத்தான் பாராமகால் என்று பெயர். 'பாரா' என்றால் பன்னிரண்டு. பன்னிரண்டு கோட்டைகளை வைத்து வந்த பெயர் என்பார்கள். எந்தப் பன்னிரண்டு என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள்! விஜயநகர அரசின் கடைசிக் காலத்தில் பெனுகொண்டாவைப் பீஜப்பூர் படையிடமிருந்து காப்பாற்றிய ஜகதேவராயருக்கு இந்தப் பகுதி பரிசாகக் கிடைத்தது. அவருக்குப் பிறகு பல கைகள் மாறி, 1750-களில் கடப்பை நவாபிடம் இருந்தது.

மைசூர்ப் படை சென்னைப் பக்கம் இறங்க வேண்டுமா? ராயக்கோட்டை வழியாகவோ கிருஷ்ணகிரி வழியாகவோ வந்து, சிங்காரப்பேட்டை தாண்டி செங்கம் கணவாயில் இறங்க வேண்டும். சென்னைப் படை பெங்களூருக்கு ஏற வேண்டுமா? அதே வழிதான், தலைகீழாக. பாராமகால் யாரிடம் இருக்கிறதோ அவர் இரண்டு வீட்டுக்கும் திண்ணையில் உட்கார்ந்திருப்பதாக அர்த்தம்.

முதல் பேரம்: 1761

ஹைதர் அலி அப்போது மைசூரின் தளபதி. அரசர் உடையார் பெயருக்கு இருந்தார். 1760-இல் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடம் மாட்டிக்கொண்டிருந்த நேரம். அவர்களுக்கு உதவ ஹைதர் தன் உறவினர் மக்தூம் அலியைப் படையோடு அனுப்பினார். போகிற வழியில் பாராமகாலையும் பிடித்துக்கொண்டார்கள். அதாவது, உதவிக்குப் போன படை வழியிலேயே ஒரு நாட்டைச் சம்பாதித்துக்கொண்டது!

ஆனால் படை வெளியூர் போயிருந்த சமயத்தில் வீட்டில் கலகம். ஹைதரின் சொந்தத் திவான் கண்டே ராவ், அரண்மனையோடு சேர்ந்துகொண்டு அவரைக் கவிழ்க்கப் பார்த்தார். 1760 ஆகஸ்டில் ஒரு ராத்திரி, குடும்பத்தைக்கூட விட்டுவிட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஹைதர் தப்பி ஓடினார். அவர் வந்து சேர்ந்த இடம் ஆனேக்கல். இன்றைய ஓசூருக்குப் பக்கத்து ஊர். அங்கிருந்து பெங்களூர். கண்டே ராவ் கூப்பிட்டு வந்த மராட்டியப் படை, விசாஜி கிருஷ்ண பண்டிட் தலைமையில், எதிரே நின்றது. பாண்டிச்சேரியிலிருந்து திரும்பி ஓடிவந்த மக்தூம் அலியை அஞ்செட்டி மலைப்பக்கம் மடக்கிப் போட்டார்கள்.

ஹைதர் பேரம் பேசினார். மூன்று லட்சம் ரூபாயும் பாராமகாலும் தருகிறேன், போய்விடுங்கள் என்றார். விசாஜி உடனே ஒப்புக்கொண்டு கிளம்பிவிட்டார். ஜெயிக்கிற நிலையில் இருக்கிறவர் ஏன் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறார் என்று ஹைதருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். காரணம் வடக்கே இருந்தது. 1761 ஜனவரி 14-ஆம் தேதி பானிபட்டில் அகமது ஷா அப்தாலியிடம் மராட்டியர் ஒரு தலைமுறையையே இழந்திருந்தார்கள். தெற்கே இருந்த படைகள் எல்லாம் அவசரமாகத் திரும்ப அழைக்கப்பட்டன. விஷயம் தெரிந்ததும் ஹைதர் பாராமகாலைத் தர மறுத்துவிட்டார். டெல்லிக்கு வடக்கே நடந்த ஒரு சண்டை கிருஷ்ணகிரி யாருக்கு என்று தீர்மானித்தது. அந்த ஆண்டே கண்டே ராவ் பிடிபட்டு, மைசூர் முழுக்க ஹைதரின் கைக்கு வந்தது.

யார் யாரோடு?

இங்கிருந்து கதை குழம்பும். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 1766 நவம்பரில் நிஜாம் அலியும் ஆங்கிலக் கும்பினியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஆந்திரக் கடற்கரையின் வட சர்க்கார் மாவட்டங்கள் கும்பினிக்கு. பதிலுக்கு நிஜாமுக்குத் தேவைப்படும்போது கும்பினி படை அனுப்பும். நிஜாமுக்கு உடனே தேவைப்பட்டது, ஹைதரை அடிக்க. மராட்டியர்களும் கூட்டு. ஆக, ஹைதருக்கு எதிராக மூன்று பேர்.

1767 தொடக்கத்தில் பேஷ்வா மாதவராவ் மற்ற இருவருக்காகவும் காத்திருக்காமல் தானே முதலில் மைசூருக்குள் நுழைந்து கோலார் வரை வந்துவிட்டார். ஹைதர் 35 லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினார். பின்னால் வந்து சேர்ந்த நிஜாம், "எங்கள் பங்கு எங்கே?" என்று மராட்டியரிடம் கேட்டதற்கு ஒன்றும் பெயரவில்லை. வந்ததற்கு ஏதாவது கிடைக்க வேண்டுமே! ஹைதர் அவருக்கும் ஒரு விலை வைத்தார். நிஜாம் கட்சி மாறினார். கூடவே வந்திருந்த கர்னல் ஜோசப் ஸ்மித்தின் ஆங்கிலப் படை, தன் நண்பனே எதிரியாகிவிட்டதை உணர்ந்து மலையிலிருந்து கீழே இறங்கியது.

இதில் இன்னொரு குடும்பச் சண்டையும் கலந்திருந்தது. நிஜாமையும் ஹைதரையும் சேர்த்து வைத்ததில் முக்கியப் பங்கு மஹபூஸ் கானுக்கு. இவர் வேறு யாருமில்லை, ஆங்கிலேயரின் கைப்பிள்ளையான ஆற்காட்டு நவாப் முகமது அலியின் சொந்த அண்ணன். தம்பிக்குக் கிடைத்த நவாப் பட்டம் தனக்கு வர வேண்டியது என்ற ஆத்திரம். அண்ணன் மைசூர்ப் பக்கம், தம்பி கும்பினிப் பக்கம், அடி வாங்கியது என்னவோ பாராமகால் விவசாயி.

1767 கோடையிலேயே ஆங்கிலப் படை வாணியம்பாடியையும் காவேரிப்பட்டினத்தையும் பிடித்திருந்தது. கிருஷ்ணகிரியில் மட்டும் பாச்சா பலிக்கவில்லை. அந்தப் பாறையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஊரை ஒட்டி ஒற்றைக் கல்லாகச் செங்குத்தாக எழுந்து நிற்கும் குன்று. மேலே தண்ணீருக்குச் சுனைகள். ஏணி வைத்து ஏறுகிறவன் தலையில் உருட்டிவிடக் கல்லுக்குப் பஞ்சமே இல்லை.

ஆகஸ்டு கடைசியில் ஹைதரும் நிஜாமும் கணவாய்களில் இறங்கினார்கள். முதல் அடி எதில் தெரியுமா? மாடுகளில்! கிருஷ்ணகிரிப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஆங்கிலப் படையின் இழுவை மாடுகளை மைசூர்க் குதிரைப்படை ஓட்டிக்கொண்டு போய்விட்டது. கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் மாடு இல்லையென்றால் பீரங்கி நகராது, அரிசி மூட்டை வராது. அடுத்த சில நாட்களில் காவேரிப்பட்டினமும் ஹைதரிடம் திரும்பியது. செப்டம்பர் 3-ஆம் தேதி செங்கத்திலும், மாதக் கடைசியில் திருவண்ணாமலையிலும் ஸ்மித் ஜெயித்தார். ஆனால் ஜெயித்த படைக்குச் சாப்பாடு இல்லை. துரத்திப்போகக் குதிரைப்படையும் இல்லை. திருவண்ணாமலைத் தோல்விக்குப் பிறகு நிஜாமுக்குப் பயம் வந்து, 1768 பிப்ரவரியில் மறுபடியும் கும்பினியோடு சமாதானமாகிவிட்டார்.

அந்த உடன்படிக்கையை யாராவது நாடகமாகப் போடலாம். அதில் ஹைதர் ஒரு கலகக்காரர், அபகரித்தவர். ஆகவே மைசூரின் திவானி உரிமையைக் கும்பினிக்குத் தருகிறேன் என்கிறார் நிஜாம். மைசூர் அவர் கையில் இல்லை. கும்பினி கையிலும் இல்லை. ஆனால் ஒருவர் கொடுத்தார், இன்னொருவர் வாங்கிக்கொண்டார். அதற்காக ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய் நிஜாமுக்குக் கட்டுவதாகவும், மராட்டியருக்குச் சவுத் வரி கொடுப்பதாகவும் பேச்சு!

இரண்டாவது பேரமும் பாகலூரும்: 1768

1768 மே மாதம் கிருஷ்ணகிரிக் கோட்டை முற்றுகையில் உணவு தீர்ந்து சரணடைந்தது. ஜூலையில் ஓசூர் விழுந்தது. குத்தியின் மராட்டியத் தலைவர் முராரி ராவ் தன் குதிரைப்படையோடு ஆங்கிலேயருக்கு உதவிக்கு வந்து சேர்ந்தார். பெங்களூர் அடுத்து என்ற நிலை. ஹைதர் இறங்கி வந்தார். பாராமகாலை எடுத்துக்கொள்ளுங்கள், பத்து லட்சம் ரூபாயும் தருகிறேன், போரை நிறுத்திக்கொள்வோம் என்றார்.

கும்பினிக்கு இது போதவில்லை. போர்ச்செலவு முழுவதும் வேண்டும், நிஜாமுக்குக் கப்பம் வேண்டும், முராரி ராவுக்கு நிலம் வேண்டும் என்று பட்டியலை நீட்டினார்கள். படையோடு கூடவே சென்னையிலிருந்து இரண்டு கவுன்சில் பிரதிநிதிகளும் நவாப் முகமது அலியும் வந்திருந்தார்கள். இன்னும் பிடிக்காத நாட்டை எப்படிப் பங்கு போடுவது என்ற யோசனைதான் முகாமில் ஓடியது. ஹைதர் பேச்சை முறித்துக்கொண்டார்.

நவம்பரில் அவர் ஓசூரை முற்றுகையிட்டார். கோலாரில் இருந்த கர்னல் உட் அதை மீட்க ஓடிவந்தார். வேகமாகப் போக வேண்டும் என்பதற்காக மூட்டை முடிச்சுகளையும் இரண்டு பெரிய பீரங்கிகளையும் ஓசூருக்கு வடகிழக்கே உள்ள பாகலூரின் சின்னக் கோட்டையில் விட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓசூர் போனார். ஹைதர் அவரைத் தடுக்கவே இல்லை. தாராளமாக ஓசூருக்குள் விட்டுவிட்டு, தான் நேராகப் பாகலூருக்குப் போனார்.

பாகலூரில் நடந்ததைப் பாடப்புத்தகங்கள் எழுதுவதில்லை. பேட்டைச் சுவருக்குள் மைசூர்ப் படை புகுந்ததும், உள்ளே இருந்த படை கோட்டைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டது. பேட்டையில் ஊர்மக்கள், படையின் பின்னால் வந்த கூலிகள், வண்டிக்காரர்கள், அவர்களுடைய பெண்கள், பிள்ளைகள், மாடுகள்... எல்லோரும் அந்த ஒரே கதவை நோக்கி ஓடினார்கள். கதவு திறக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்தவர்களை நெருக்க, கோட்டை வாசலிலேயே பெருங்கூட்டம் நசுங்கி மூச்சுத் திணறிச் செத்தது. யாரும் சுட்டுச் சாகவில்லை, வெட்டிச் சாகவில்லை. சாத்திய கதவில் மோதிச் செத்தார்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட எந்த ஆவணத்திலும் இல்லை. பீரங்கிகளின் கணக்கு மட்டும் துல்லியமாக இருக்கிறது: பதினெட்டு பவுண்டு குண்டு போடுபவை, இரண்டு. ஹைதர் அவற்றைப் பெங்களூருக்கு இழுத்துப் போனார். கர்னல் உட் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார்.

இன்றைக்குப் பாகலூர் ரோஜாத் தோட்டங்களும் கம்பெனிப் பேருந்துகளுமாக இருக்கிறது.

அதன் பிறகு எல்லாம் வேகம். ஹைதர் கீழே இறங்கி, இழந்த கோட்டைகளில் பெரும்பாலானவற்றைச் சில வாரங்களில் திரும்பப் பிடித்தார். 1769 மார்ச் கடைசியில், பெரும்படையை ஒரு பக்கம் போக்குக் காட்ட அனுப்பிவிட்டு, ஆறாயிரம் குதிரை வீரர்களோடு மூன்றரை நாளில் 130 மைல் பாய்ந்து பரங்கிமலையில் வந்து நின்றார். கோட்டைக்குள் இருந்த கவர்னர் கையெழுத்துப் போட்டார். பிடித்ததை அவரவர் திருப்பித் தருவது. ஒருவரை வேறு யாராவது தாக்கினால் மற்றவர் உதவிக்கு வருவது. பாராமகால் மைசூருக்கே.

வராத உதவி

அந்த இரண்டாவது நிபந்தனைதான் ஹைதருக்கு முக்கியம். அவருடைய கவலை கும்பினி அல்ல, மராட்டியர்தான். பானிபட்டிலிருந்து அவர்கள் மீண்டு எழுந்துவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1770-இல் மாதவராவ் மறுபடி வந்தார். அவர் உடம்பு முடியாமல் திரும்பிப் போக, திரியம்பக்ராவ் படையை நடத்தினார். 1771 மார்ச்சில் மேலுகோட்டைக்கு அருகே சின்குருளியில் ஹைதரின் படை சிதறடிக்கப்பட்டது. அவர் தப்பியதே பெரிய விஷயம். மராட்டியர் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டார்கள். ஹைதர் சென்னைக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். கும்பினி அசையவில்லை. உதவினால் மராட்டியர் பகை, உதவாவிட்டால் ஹைதர் பகை, எது மலிவு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நவாப் முகமது அலியோ, மராட்டியரோடு சேர்ந்து ஹைதரை முடித்துவிடலாம் என்று ஓதிக்கொண்டிருந்தார். 1772-இல் ஹைதர் பெரும் பணத்தையும், சிரா, கோலார், ஒசகோட்டை உள்ளிட்ட பகுதிகளையும் இழந்து சமாதானம் செய்துகொண்டார். ஓசூருக்குக் கூப்பிடு தூரம் வரை மராட்டிய எல்லை வந்துவிட்டது.

இந்த ஏமாற்றத்தை ஹைதர் கடைசிவரை மறக்கவில்லை. 1772 நவம்பரில் மாதவராவ் இளம் வயதிலேயே இறந்தார். அடுத்த பேஷ்வா நாராயணராவ் 1773 ஆகஸ்டில் அரண்மனைக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். மராட்டியர் உள்சண்டையில் மூழ்க, ஹைதர் இழந்ததையெல்லாம் மீட்டார். 1780-இல் அவர் செங்கம் கணவாயில் இறங்கியபோது அதிசயமாக மராட்டியர், நிஜாம், மைசூர் மூவரும் ஒரே பக்கம் இருந்தார்கள். செப்டம்பர் 10-ஆம் தேதி பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. கும்பினிக்கு இந்தியாவில் அதுவரை அப்படியொரு அடி விழுந்ததில்லை.

அந்த ஒற்றுமை எத்தனை நாள்? நிஜாம் முதலில் நழுவினார். 1782-இல் சால்பாய் ஒப்பந்தத்தோடு மராட்டியரும் விலகினார்கள். அதே டிசம்பரில் ஹைதர் சித்தூர்ப் பக்கம் முகாமில் இறந்தார்.

இதில் திப்புவையும் சும்மா விட முடியாது. 1786-87-இல் அவர் மராட்டியரோடும் நிஜாமோடும் போரிட்டு, நிஜாமின் ஆதோனியைப் பிடித்து, களத்தில் கை ஓங்கியே சமாதானம் செய்தார். வென்றது சரி. ஆனால் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் மனதில் வைத்துக்கொண்டார்கள். 1790-இல் கார்ன்வாலிஸ் கூப்பிட்டதும் இருவரும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது பேரம்: 1792

1791 மே மாதம் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய், உணவு இல்லாமல், மாடுகள் செத்து, தன் பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். வழியில் மராட்டியப் படை வந்து சேரவில்லை என்றால் அந்தப் படை பெங்களூர் திரும்பியிருக்குமா என்பதே சந்தேகம். மராட்டிய முகாமின் சந்தையில் அரிசி, பருப்பு எல்லாம் இருந்தது. விலைதான் யானை விலை. காசு கொடுத்து வாங்கித் தின்று உயிர் பிழைத்தார்கள். திப்புவை மட்டுமல்ல, தங்களையும் ஒருநாள் விழுங்கப்போகிற படைக்கு மராட்டியர் சோறு விற்ற இடம் அது.

பாடம் கற்ற கார்ன்வாலிஸ் அடுத்து செய்த காரியம், பாராமகால் பாதையைத் திறப்பது. ஜூலையில் ஓசூர், பின்னாலேயே ராயக்கோட்டை. கீழேயிருந்து லம்பாடிகளின் மாட்டு மந்தைகள் தானிய மூட்டைகளோடு ஏற ஆரம்பித்தன. நவம்பரில் மாக்ஸ்வெல் என்ற அதிகாரி கிருஷ்ணகிரியைத் தாக்கினார். அடிவாரப் பேட்டையைப் பிடித்து, மேல்கோட்டை வாசல்வரை விரட்டிக்கொண்டு போனார்கள். மேலேயிருந்து பாறைகள் உருண்டன. ஏணிகள் நொறுங்கின. கிருஷ்ணகிரி அப்போதும் விழவில்லை.

விழாத கோட்டை 1792 மார்ச்சில் காகிதத்தில் விழுந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தப்படி திப்பு பாதி நாட்டையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க வேண்டும். பணத்துக்கு ஈடாக இரண்டு மகன்கள் பிணை. மராட்டியருக்கும் நிஜாமுக்கும் வடக்கே பங்கு. கும்பினி தன் பங்காகக் கேட்டு வாங்கியதில் ஒன்று பாராமகால். 1761-இல் மராட்டியருக்குச் சொல்லிக் கொடுக்காமல் போனது, 1768-இல் கும்பினிக்கே கொடுக்க முன்வந்து அவர்கள் போதாது என்று தள்ளியது, 24 வருஷம் கழித்து அவர்களிடமே போய்ச் சேர்ந்தது.

அலெக்சாண்டர் ரீட் முதல் கலெக்டராக வந்தார். உதவிக்கு வந்த இளம் ராணுவ அதிகாரிகளில் ஒருவர் தாமஸ் மன்றோ. பிறகு சென்னை மாகாணம் முழுக்கப் பரவிய ரயத்துவாரி வரிமுறை இந்த நிலங்களை அளந்து பார்த்துத்தான் உருவானது. அதே வருஷம் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஓவியர்கள் இந்தப் பக்கம் வந்து ராயக்கோட்டையையும் மற்ற மலைக்கோட்டைகளையும் வரைந்து போனார்கள். லண்டனில் அச்சான அந்தப் படங்களில் மலைகள் அமைதியாக, அழகாக இருக்கின்றன.

ஓசூர் மட்டும் 1792-க்குப் பிறகும் திப்புவிடமே இருந்தது. ஆக, ஏழு வருஷம் ஓசூர் ஒரு நாடு, ராயக்கோட்டையும் கிருஷ்ணகிரியும் வேறு நாடு. 1799 மார்ச் மாதம் ஜெனரல் ஹாரிஸின் படை ராயக்கோட்டைப் பக்கமிருந்துதான் மைசூருக்குள் நுழைந்தது. நிஜாமின் படையும் கூடப் போனது. மே 4-ஆம் தேதி திப்பு இறந்தார். மைசூர் பழைய உடையார் குடும்பத்துக்குத் திரும்பியபோது, ஓசூரையும் தேன்கனிக்கோட்டையையும் கும்பினி தன்னிடம் வைத்துக்கொண்டு சேலத்தோடு சேர்த்தது. தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் கேட்கிற ஓசூர் இன்றைக்குத் தமிழ்நாட்டில் இருப்பதற்கும், ஆனேக்கல் அந்தப் பக்கம் கர்நாடகத்தில் இருப்பதற்கும் அன்று போட்ட கோடுதான் தொடக்கம். அத்திப்பள்ளியில் எல்லை தாண்டுகிற ஒவ்வொரு லாரியும் அந்தக் கோட்டைத்தான் தாண்டுகிறது.